எடைப்பாலத்தில் இரவு வேலை

பீடோர் ஆலை வாசலில்
பத்து மணிக்குப் பதினேழு லாரி.
பன்னிரண்டுக்கும் பதினேழு.
பத்துக்கு நின்றவற்றில் ஒன்றுகூட
இப்போது இல்லை.

நான் எடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு ஏறும் எடை,
காலியாய் இறங்கும் எடை,
கழித்து ரசீது கிழித்துத் தருவேன்.
வரிசை எத்தனை டன் என்று
யாரும் கேட்டதில்லை.

மேசைக்கடியில் கொசுவர்த்தி.
பால்வீதியின் கைகளும் இப்படிச் சுருண்டவை என்று
லாரி வராத ஒரு மழை இரவில்
கைப்பேசியில் பார்த்தேன்.
ஒரே விண்மீன்கள் ஒட்டியிருந்து செய்த கை என்றால்
உள்வட்டத்தில் ஓடுபவை முந்திச் சுற்றிவிட
வெளியே உள்ளவை பின்தங்க
எப்போதோ சுற்றுமேல் சுற்றாய் இறுகி
கோடே தெரியாமல் போயிருக்கும்.
போகவில்லை.
கை என்பது ஒரு நெரிசல்.
விண்மீன் நுழைகிறது, கொஞ்சம் தயங்குகிறது,
மறுபக்கம் போய்விடுகிறது.
நெரிசல் தன் பாட்டுக்கு
வேறொரு வேகத்தில் நகர்கிறது.

இங்கே நெரிசலுக்குக் காரணம் நான்.
அங்கே ரசீதும் இல்லை, தடுப்புக் கட்டையும் இல்லை.
ஒன்றின் பாரம் இன்னொன்றை இழுக்கிறது,
கூடிய இடத்தில் மேலும் கூடுகிறது,
அவ்வளவுதான்.

தணிகாசலம் ஓட்டிய லாரியை
ஜாவாக்காரர் சுபார்னோ ஓட்டுகிறார்.
தணிகாசலம் இந்நேரம் ஜொகூரில்
சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கி
மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருப்பார்.
அவருக்கு அங்கே வேறு நெரிசல்.
எங்கள் லயத்தின் ஏழாம் கதவில் நேபாளிப் பையன்கள்.
சட்டை காயும் கொடிக்கம்பி மட்டும்
பழையது.

மேகங்கள் கைக்குள் நசுங்கும்போது
நீல விண்மீன்கள் பிறக்குமாம்.
பெரியவை. கை கண்ணுக்குத் தெரிவதே அவற்றால்.
வெளியே வருமுன் எரிந்து தீர்ந்துவிடும்.

என் தம்பி விமலேந்திரனுக்குப் பத்தொன்பது.
ஆலை வளைவில், மழையில்.
தாப்பா தாண்டி அவன் எங்கும் போனதில்லை.

இன்னொன்றும் படித்தேன்.
விளிம்பில் சுற்றுபவை
கணக்குப்படி மெதுவாய்ப் போகவேண்டும்.
நடுவில் உள்ளவற்றின் வேகத்திலேயே போகின்றன.
அப்படியும் சிதறி ஓடவில்லை.
ஒளி இல்லாத ஏதோ ஒரு பாரம்
பிடித்து வைத்திருக்கிறதாம்,
எந்தத் தராசிலும் ஏறாமல்.
படித்தவர்கள் வியந்து எழுதியிருந்தார்கள்.

கிள்ளான் ஆலையிலிருந்து
மூன்று முறை வேலைக் கடிதம் வந்தது.
சம்பளம் எண்ணூறு வெள்ளி கூட.
போகவில்லை.
கேட்டவர்களிடம்
பஸ் வசதி சரியில்லை என்றேன்.

மணி நாலு.
எண்ணினேன், பதினாறு. மறுபடி எண்ணினேன்.
சுபார்னோ பாலத்தில் ஏறிவிட்டார்.
திரையில் எண்கள் நிலைகொள்ளாமல் துடிக்கின்றன.
எஞ்சினை அணைக்கச் சொல்லி
கண்ணாடியைத் தட்டுகிறேன்.