ஸ்டேஜ் கணக்கு

"பத்துக்கு எத்தனை?" என்றார் ஹெப்சிபா.
வலிக்கு மார்க் போடச் சொல்கிறார் என்று புரியவே
கொஞ்ச நேரம் ஆனது.
இருபத்திரண்டு வருஷம் சில்லறை எண்ணியவன்
முதல்முறையாகக் கணக்கில் திணறி
"பகலில் ஆறு, ராத்திரி ஒன்பது" என்றேன்.
"நைட் சர்வீஸ்லதான் கலெக்‌ஷன் அதிகம் போல"
என்று எழுதிக்கொண்டார்.

கடலூர் பெரியாஸ்பத்திரி,
எக்ஸ்ரேவுக்கு அடுத்த அறை.
உருகும் மெழுகின் வாசனை,
கப்பியில் தொங்கும் கயிறு.
வலது தோள் உறைந்து ஐந்து மாதம்.
இடது கையால் தலை வாரி,
இடது கையால் பித்தான் போட்டு,
பஸ்ஸின் மேல்கம்பியை
அடுத்த வீட்டு மாங்காய் மாதிரி
அண்ணாந்து பார்க்க மட்டும் செய்தவன் நான்.

சர்க்கரை இருக்கிறதா என்றார். இருக்கிறது.
"அப்போ கொஞ்சம் அடம் பிடிக்கும்.
மூட்டைச் சுத்தியிருக்கிற பை சுருங்கிக் கிடக்கு.
கிழிஞ்சது எதுவும் இல்லை. மெதுவா விரியும்."
கிழியவில்லை என்ற சொல்லே
பாதி ஒத்தடம்.

குனிந்து, இடது கையை மேஜையில் ஊன்றி
வலது கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும்,
வண்டி முன்னால் கட்டிய
எலுமிச்சம்பழம் மாதிரி.
பிறகு விரல்களை நண்டுபோல
சுவரில் ஏற்ற வேண்டும்.
"வலி முணுமுணுத்தா போய்க்கிட்டே இருங்க.
கத்துச்சுன்னா நிறுத்திடுங்க."
இரண்டு விசில், ஒரு விசில்.
எனக்குத் தெரிந்த பாஷை.

பக்கத்து நாற்காலியில்
சோனாங்குப்பம் அஞ்சலாட்சி
மணல்பை கட்டிய காலை நீட்டி
ஏலம் விடுகிறாள்:
"ஆறு... ஆறு... ஆறேதான்... ஏழு!"
முட்டிக்கு ஓய்வு கொடு என்றுதான்
எல்லாரும் சொன்னார்களாம்.
கொடுத்துக் கொடுத்து
கக்கூசுக்கே ஆள் பிடித்துப் போகும்படி ஆனதாம்.
பத்தில் கால் நடுங்குகிறது.
அவள் விலையைக் குறைப்பதில்லை.

வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு
தேதி எழுதச் சொன்னார். நான் ஊர் எழுதினேன்.
இடுப்பு உயரத்தில் மஞ்சக்குப்பம்.
அதற்கு ஒரு சாண் மேலே பெரியகங்கணாங்குப்பம்.
அங்கே பதினேழு நாள் பிரேக்டவுன்.
அதே கோடு, அதே கோடு,
கோட்டின் மேல் கோடு போட்டு
பென்சில் முனை உடைந்தது.

"போதும்மா, இதுக்கு மேல போகாது" என்றேன்.
ஹெப்சிபா கையைத் தாங்கிப் பிடித்தபடி
"நெல்லிக்குப்பத்துலேருந்து காலேஜ் வர்றப்போ
உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குன்னு
என்னைய எத்தனை நாள் நெருக்கியிருக்கீங்க.
இப்ப நான் சொல்றேன்.
மேல போங்க. இடம் இருக்கு."

முகம் நினைவில் இல்லை.
நான் பார்த்ததெல்லாம் முதுகுகள்.
ஆனால் இடம் இருந்தது,
ஒரு விரல்கடை.

அப்புறம் ரெட்டிச்சாவடி.
முள்ளோடை தாண்டிய அன்று
எல்லை தாண்டுகிறவர்களுக்கு வரும் அந்தக் குஷி
எனக்கும் வந்தது, செலவில்லாமல்.
தவளக்குப்பத்தில்
சட்டையை நானே மாட்டினேன்.
மனைவி பார்க்காத மாதிரி
அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
துடைத்த இடத்தையே.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த பையன்
பிரஷ்ஷை நிறுத்திக் கேட்டான்:
"எந்தக் கொழந்த வளந்த கணக்குண்ணே இது?"
அந்த ஒரு முழ அகலம் மட்டும்
அழுக்காகவே இருக்கிறது.

இப்போது டியூட்டியில் இருக்கிறேன்.
கை முதலியார்பேட்டையோடு நின்றுவிடுகிறது.
பாண்டிக்கு இன்னும் நாலு விரல்.
முதல் டிரிப்புக்கு முன்னால் பத்துத் தடவை
சுவரில் ஏறி இறங்குகிறேன்.
அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி குலுங்கும்போது
வலது கை தானாகக் கம்பியைப் பிடிக்கிறது.
வலியும் கூடவே வருகிறது.
டிக்கெட் கொடுத்து
படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.
சீட் கேட்கிறது.
இல்லை என்று சொல்லியாகிவிட்டது.