சுற்று

சாப்பிட்டு அரைமணி கழித்து
மிக்சர் சுவரில் தலையை வைத்து நிற்கும்.
முட்டுவதில்லை. பீரோவை நகர்த்தப் பார்ப்பவன்போல்
அழுத்தும், எச்சில் ஒழுக.

வைட்ஃபீல்டு பன்னிரண்டாம் மாடிக்காரர்
கனடா போகையில் கொடுத்துவிட்டுப் போன நாய்.
இரண்டு வயசு, பூனைக்குட்டி எடை.
இளைத்துக் கிடக்கிறதே என்று செல்வராணி
கோழி ஈரலை மசித்து ஊட்டினாள்.
ஊட்டிய அன்றெல்லாம் சுவர்.

கீழ்வீட்டு அற்புதராஜ் வந்து
தலையில் கைவைத்து ஜெபித்தார்.
அவர் செருப்பில் ஒன்றுக்குப் போனது.

ஹெப்பாளில் டாக்டர் தேச்சம்மா
ஸ்கேன் படத்தில் பேனாவை வைத்துக் காட்டினார்:
குடலில் இருந்து வரும் ரத்தம்
ஈரலுக்குள் போய்க் கழுவப்பட வேண்டும்.
இதற்குப் பிறவியிலேயே ஒரு கள்ளக் குழாய்
ஈரலைச் சுற்றிக்கொண்டு போகிறது.
அழுக்கு நேராய் மூளைக்கு.
ஈரலோ பட்டினியில் சுண்டிவிட்டது.

கன்னடத்தில்தான் சொன்னார்.
இதற்கு மொழி எதற்கு?
பத்தொன்பது வருஷமாய் நான்
லிங்கராஜபுரத்துக்குத் தண்ணீர் திறக்கிற வால்வ்மேன்.
மீட்டருக்கு முன்னாலேயே குழாயை உடைத்துச்
சம்ப்புக்கு இழுத்துக்கொண்ட வீடுகளையும் தெரியும்,
கடைசித் தெருவில் வரிசை கட்டிய
காலிக் குடங்களையும் தெரியும்.

'இன்னைக்கே கட்டி அடைச்சிடலாமே மேடம்?'

இல்லை என்றார்.
ஒரேயடியாய் அடைத்தால் அத்தனை ரத்தமும்
அந்தச் சின்ன ஈரலின் வாசலில் வந்து முட்டும்.
குடல் கறுக்கும். மேசையிலேயே முடிந்துவிடும்.

சுருக்கென்றது எனக்கு.
வேலைக்குச் சேர்ந்த மாதம்
டீ ஆறிவிடும் என்று
பெரிய வால்வைக் கடகடவென்று இறுக்கினேன்.
மண்ணுக்கடியில் ஓர் இடி.
நாற்பது அடி தள்ளித் தார் பிளந்து
ஒரு ஆட்டோ சாய்ந்தது.

டப்பாவைத் திறந்தார்.
ஜெனிட்டா கம்மலைவிடக் கொஞ்சம் பெரிசாய் ஓர் எஃகு வளையம்,
உள்ளே பழுப்பு வெள்ளையில் இன்னொன்று.
பாலின் புரதத்தை இறுக்கிச் செய்ததாம்.
கள்ளக் குழாயில் மாட்டி வயிற்றைத் தைத்துவிட்டால்
உடம்பின் ஈரத்தைக் குடித்துக் குடித்து அது ஊதும்.
எஃகு வெளியே ஊத விடாது,
ஆகவே உள்ளே.
நாலு வாரம், ஆறு வாரம்.
ஆள் இல்லாமல் தானே மூடும் வால்வு.
இதைக் கண்டுபிடித்தவரும்
எங்கேயோ ஒரு குழாயை வெடிக்க வைத்தவராய்த்தான் இருக்கணும்.

சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தோம்.
மூன்று மணி நேரம் பெஞ்சில் இருந்தேன்.
என் கை தன்பாட்டுக்கு
இல்லாத ஒரு சாவியைத் திருகிக்கொண்டிருந்ததாம்,
செல்வராணி பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது ஐந்தாவது வாரம்.
காலையும் மாலையும் சிரப்,
பனீர் பிசைந்த சோறு. கறி கண்ணில் காட்டுவதில்லை.
சில நாய்களுக்குப் புதுசாய் வேறு கள்ளக் குழாய்கள் கிளைக்குமாம்,
மறுபடி ரத்தம் பார்க்கணும் என்றிருக்கிறார்.
பார்க்கணும்.

நேற்று ராத்திரி தட்டை நக்கிவிட்டு
மிக்சர் சுவரை நோக்கிப் போனது.
மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.
பல்லி.
குரைத்தது. அதன் குரலே
எங்களுக்கு அன்றுவரை சரியாய்த் தெரியாது.

விடிகாலை நாலு மணிக்குக் குழிக்குள் இறங்கி
மூடுகிறேன்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
மேலிருந்து சூப்பர்வைசர் டார்ச் அடிக்கிறார்:
'இன்னும் ஆகலியா?'
ஆகிக்கிட்டே இருக்கு சார்.