தூக்கம் எத்ர

வாளையாறு தாண்டினால் முதல் எடைமேடை எங்களுடையது.
அறுபது டன் தாங்கும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்கில்லை.
ஐம்பத்தேழு கிலோ நான்,
ஏறி நின்றால் அறுபது என்கிறது.
மிச்சம் மூன்று கிலோ யாருடையதோ.

மலையாளத்து ஓட்டுநர்கள் சன்னலில் தலை நீட்டி
"தூக்கம் எத்ர?" என்பார்கள்.
எடை எவ்வளவு என்று அர்த்தம்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் தெரியாமல்
"மூணு மணி நேரம்" என்று சொல்லிவிட்டேன்.
சிரித்தார்கள்.
நான் சொன்னது உண்மைதான்.

தேர்வு பதினெட்டாம் தேதி, திருச்சூரில்.
காலையில் எழுத்து: எலும்புகளின் பெயர், தசைகளின் பெயர்,
சுளுக்கிய கணுக்காலுக்கு முதல் இருபது நிமிடம்.
மதியம் நவீன நடனம், உயர்நிலை.
மறுநாள்
முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கு
நாற்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

போன வருடம் தோற்றேன்.
மதிப்பெண் தாளின் ஓரத்தில் ஒரே வரி:
தரையை நம்பவில்லை.

அதை மடித்துப் பையில் வைத்து
ஆலத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.
ஆலத்தூரில் இடம் கிடைத்தது.
கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன்,
நான் இன்னும் உட்காரவில்லை.
தொடை இரண்டும் விறைத்து
என் பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன,
பேருந்து திருப்பிக் கேட்டுவிடும் என்பதுபோல.

இரவு இரண்டுக்கு மேல் லாரி குறையும்.
கணவாய்க் காற்று மட்டும் சீட்டில்லாமல் கடந்துபோகும்.
செருப்பைக் கழற்றி மேடையில் ஏறுகிறேன்.
பகல் குடித்த வெயிலை இரும்பு இன்னும் விடவில்லை.

வயிற்றைச் சுருக்கு. மூச்சை விடு.
முதுகு வளையட்டும்.
இடுப்பிலிருந்து சரி, முழங்கால் முந்தக் கூடாது.

முழங்கால் முந்தியது.

கூண்டின் கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள்:
குதித்தால் பூஜ்யம்.
விழுந்தால் தொண்ணூறு, பிறகு தடுமாறி அறுபது.
பயம் முப்பது கிலோ இருக்கிறது.
எண் துள்ளாமல் விழ வேண்டும்.
பாடத்திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு.
முப்பது மணி நேரம் எடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான்
ஆசிரியர் தேர்வுக்கு உட்கார முடியும்.
கஞ்சிக்கோட்டில் கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம்,
கழுவியும் போகாத சாம்பார் வாசம்.
நர்ஸ் இருவர், வங்கி லிஜி, லிஜியின் நாத்தனார்,
உதிரிபாகக் கடை அஷ்கர்.

"வீழான் எந்தினா டீச்சரே படிப்பு?"
அஷ்கர்தான் கேட்டார்.
எதிர்பார்க்கும் கேள்விகள் என்று
பாடக்குறிப்பில் ஒரு கட்டம் வைத்திருந்தேன்.
அதில் இது இல்லை.
"விழுங்க, பாப்போம்" என்றேன்.

விழுந்தார். அழகாக, வலப்பக்கமாக.
இடப்பக்கம் என்றேன்.
தோளைத் தொட்டுக் காட்டினார்:
உள்ளே தகடு, ஆறு திருகாணி, பைக் விபத்து.

கையேட்டின் முதல் பக்கம், முதல் வரி:
வகுப்புக்கு முன் பழைய காயங்களைக் கேள்.
மனப்பாடமாக ஒப்பிப்பேன் அதை.
அன்று நேரப் பதிவேட்டில்
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்: கேட்கவில்லை.
லிஜி கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

இன்று வலப்பக்கமாக முயல்கிறேன், அஷ்கரைப்போல.
எண்பது.
எண்பது.
எழுபது.
இன்னொரு முறை மூச்சை விட்டு இறங்கும்போது
முகத்தில் வெளிச்சம். ஹாரன்.

நாமக்கல் முட்டை லோடு, செங்கோட்டுவேலு.
"அம்மணி, உங்க எடையையும்
எம்பட சீட்டுல சேத்துப் போட்றாதீங்க."
இறங்கி ஓடினேன்.

முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம்.
அப்படி ஒரு நிதானம்,
ஒரு எண்கூடத் துள்ளவில்லை.
பன்னிரண்டு டன்னையும்
தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல
இரும்பின் மேல் வைத்தார்.
நான் சீட்டை அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்கம் எத்ர?" கிண்டலாக மலையாளம் பேசினார்.
"பன்னெண்டு நானூத்தி இருவது."
"நான் உங்களக் கேட்டனுங்க."

லாரி போன பிறகு பார்த்தேன்,
செருப்பு மேடையிலேயே கிடந்தது.
பத்துக் கிலோவுக்குக் கீழே,
கணக்கில் வராது.