ஈடு

செட்டியார் தெருவில் ஒரு நகை அடகுக் கடை.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
பதினொரு வருடமாக.
உரைகல், அமிலக் குப்பி, தராசு,
ஊதா மை ஒற்றும் முத்திரை ஒன்று:
மீட்கப்பட்டது.

ஞாயிறுகளில் கொச்சிக்கடையில்,
கூரையைத் திரும்பப் போட்ட கோயிலில்,
சுவாமி அதே சொல்லைச் சொல்லும்போது
எனக்கு மை மணக்கும்.
மீட்பர் என்பார்,
நான் வட்டியை நினைப்பேன்.
ஈடிணையற்ற அன்பு என்பார்.
ஈடு என்றால் எங்கள் கடையில்
இரும்புப் பெட்டிக்குள் இருப்பது.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன்.
சிரித்துவிட்டு
மூன்று அருள்நிறைந்த மரியே தந்தார்.

எஸ்தாக்கி மாதத்தின் முதல் செவ்வாய்
நவநாள் முடிந்து வருவார்.
துறைமுகத்தில் கொள்கலன் கட்டுகிறவர்.
வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்கும்.
அந்தப் பாதி விரல்களால்
வட்டியை எண்ணி வைப்பார்.

பொருள்: பிள்ளைக் காப்பு ஒன்று.
உள்ளே அரக்கு, மேலே மெல்லிய பொன் தகடு.
விளிம்பில் நாலைந்து பள்ளம்,
பால்பல் பட்டது.
அடகு வைத்தவர்: ஜெனிஸ்டா, வயது பத்தொன்பது.

அலுமாரிப் பூட்டை உடைத்து
மகள்தான் எடுத்துவந்து வைத்தாள்.
காசோடு பஸ் ஏறினாள்.
சீட்டைக் குசினிக் குப்பையில்
கண்டெடுத்தாராம்.
எங்கே இருக்கிறாள் என்றால்
ஒரு மாதம் கண்டிப் பக்கம் என்பார்,
இன்னொரு மாதம் துபாய்.

ஒருநாள் கால்குலேட்டரை
அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
"கட்டின வட்டிக்கு இதுபோல நாலு வாங்கலாம்.
ஏலத்துக்கு விடுங்க."
எண்களைப் பார்த்தார். கணக்குத் தெரிந்த மனிதர்தான்.
"அந்த நாலையும் அவ கடிச்சிருக்க மாட்டாளே, மிஸ்."

பெட்ரோலுக்கு நகரமே வரிசையில் நின்ற வருடம்
மோதரையிலிருந்து நடந்து வந்தார்.
சட்டை முதுகில் உப்பு, வரைபடம் போல.
கடையில் கரண்ட் இல்லை.
"மகள் கேட்டாளா?" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.
"இல்லை."
"நீங்க கட்டுறது தெரியுமா?"
"இல்லை."
"தெரிந்தால் வருவாளா?"
தண்ணீர் கேட்டார். குடித்தார்.
சில்லறையைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

அன்றிரவு படுக்கையில்
அந்த மூன்று கேள்விகளும்
என் பக்கம் திரும்பின.
நான் கேட்டேனா.
எனக்குத் தெரியுமா.
மூன்றாவதில் தூக்கம் போயிற்று.

போன செவ்வாய் முழுத் தொகையும் கொண்டுவந்தார்,
சேமலாப நிதிக் காசு,
வங்கி உறை கூடப் பிரிக்காமல்.
மீட்பவரின் உறவு என்ற கட்டத்தில்
பேனா வழுக்க வழுக்க
அப்பா என்று எழுதினார்.
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று.
முத்திரையை அழுத்தினேன்.
காப்பை நீட்டினேன்.
எடுக்கவில்லை.

"வீட்டுக்கு வரப் பயமா இருக்கும் மிஸ்.
இதத் தேடி இங்கதான் முதல்ல வருவா.
கடன் ஒண்டும் இல்லையெண்டு
நீங்க சொன்னா நம்புவா.
நான் சொன்னா அழுவா."

மீட்ட பொருளைக் கடையில் வைக்க வழியில்லை,
முதலாளி சம்மதிக்கமாட்டார்.
என் மேசை இழுப்பறையில்
சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்
பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.
பெருவிரலில் மை இன்னும் இருக்கிறது,
தீர்த்தத் தொட்டியில் நனைத்தும் போகவில்லை.

சுவாமியிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் பிரசங்கத்தில் சேர்த்துவிடுவார்,
எஸ்தாக்கியின் வியர்வை மணம் போய்விடும்.

கதவு மணி அடிக்கும்போதெல்லாம்
நிமிர்கிறேன்.
இப்போது இருபத்தாறு வயதிருக்கும்.
முகம் எனக்கு மறந்துபோயிற்று.
பவுண் விலை கேட்க வருகிறவள்,
தாலிக்கொடியைக் கைக்குட்டையில் பொத்தி வருகிறவள்,
மழைக்கு ஒதுங்க வருகிறவள்,
ஒவ்வொருத்தியையும்
அவளாக இருக்கலாம் என்றுதான்
பார்க்கவேண்டியிருக்கிறது.