ஜூலையில் நகராத எண்

வின்னிபெக் நகரசபைக் கட்டடத்தின் அடித்தளத்தில்
எனக்கு வேலை:
பழைய தண்ணீர் மீட்டர் அட்டைகளைக்
கணினிக்குள் ஏற்றுவது.
ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை,
ஒரு மாதத்துக்கு ஓர் எண்.
நாளொன்றுக்கு அறுநூறு.
அறுநூற்றுப் பத்து முடித்தால்
யாரும் கைதட்டுவதில்லை.
ஐந்நூற்றுத் தொண்ணூறில் நின்றால்
டெனிஸ் தொண்டையைச் செருமுவார்.

போரடிக்கவில்லையா என்கிறாள்
தொலைபேசியில் யாமினி.
அடிக்கத்தான் செய்கிறது.
மழையும்தான் அடிக்கிறது,
அதைக் கேட்டுக்கொண்டே
சுகமாய் ஒருத்தி படுத்திருப்பதில்லையா?

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நான் இந்த எண்களை
வறுத்த கடலைபோல
ஒவ்வொன்றாய்க் கொறிக்கிறேன்.

மீட்டர் பார்க்கப் போனவர்களில் ஒருவர்
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுவார்.
அவர் கையெழுத்து வரும் கட்டில்
விரல்கள் தாமாகவே நிதானிக்கும்.
எழுபத்தாறு மார்ச்சில் அந்தக் கோடு நின்றுவிட்டது.
அதன்பின் வேறு யாரோ,
பச்சை மை, உருண்டை உருண்டையாய்.
அன்றைக்குத் தேநீர் இடைவேளையைப்
பத்து நிமிடம் முன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

அல்வர்ஸ்டோன் தெருவில் ஒரு வீடு
திடீரென்று இரண்டு மடங்கு குடிக்கிறது.
குழந்தை பிறந்திருக்கும் என்கிறேன்.
குழாய் ஒழுகியிருக்கும் என்கிறாள்
எதிர்மேசை மாரிசெல்.
பந்தயம் ஒரு டோனட்.
வென்றது யாரென்று அறிய வழியேயில்லை,
ஆகவே பாதிப் பாதி.

எங்கள் ஜன்னல் தரையோடு தரையாய் இருக்கிறது.
ஐந்து மாதமாய் அதில் பூட்ஸ், பூட்ஸ், பூட்ஸ்.
நேற்று,
சேறும் உப்புமாய்க் கிடந்த நடைபாதையில்
வெறும் செருப்போடு ஒரு ஜோடிக் கணுக்கால் போயிற்று.
ஏப்ரல் பாதிகூட ஆகவில்லை.
யாரோ அந்தத் துணிச்சல்காரியின் பேரால்
கிழிந்த அட்டையொன்றின் முதுகில்
எழுத ஆரம்பித்தேன்:

கோடைக்கு.
நீந்தக் கற்க வேண்டும்.
நாற்பத்தொரு வயதாகியும்
முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.
கொல்லையில் பாகல்.
போன வருடம் அவசரப்பட்டு நட்டு
உறைபனிக்குக் கொடுத்தேன்,
இம்முறை ஜூன் வரட்டும்.
சைக்கிளுக்குப் பிரேக்.
ரவிராஜின் இருநூறு டாலர்:
இது இலக்கா, கடனா?
இருக்கட்டும், எழுது.
தடித்த புத்தகம் ஒன்று, கடைசிப் பக்கம் வரை.
அலமாரி. பல் வைத்தியர். திரைச்சீலை.

பார்த்தால் பட்டியலும்
அறுநூறை நோக்கி நடக்கிறது.
பேனாவை மூடினேன்.

இன்று மதியம் வந்தது அந்த அட்டை.
மின்டோ தெருவில் ஒரு வீடு.
ஜூன் கடைசியில் ஓர் எண்,
ஜூலைக் கடைசியிலும் அதே எண்.
பிழையென்று புரட்டினேன்.
அடுத்த வருடமும் அப்படியே.
அதற்கடுத்ததும்.
பதினொரு கோடை,
ஜூலையில் ஒரு சொட்டு நகரவில்லை.
ஓரத்தில் பென்சிலால்,
ஏழுக்குக் கோடு போடும் அதே கை:
“ஏரியில். சாவி 127இல்.”

வருடத்துக்கு ஒரு மாதம்
அந்த வீடு தாகத்தை மறந்திருக்கிறது.
அதற்குச் சாட்சியாய் ஒருவர்
பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, படியிறங்கி,
ஒன்றுமே நடக்கவில்லை என்பதைச்
சிரத்தையாய்க் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஒரே எண்ணை இரண்டு முறை தட்டினேன்.
இவ்வளவு ருசியாய் எதையும் தட்டியதில்லை.

எனக்கு விடுப்பு இரண்டு வாரம்தான்.
போதும்,
ஓர் எண் உட்கார்ந்து மூச்சுவிட.
பல் வைத்தியரை அடித்தேன், திரைச்சீலையை அடித்தேன்.
நீச்சலுக்குப் பக்கத்தில் எழுதினேன்: ஏரி.
பிறகுதான் உறைத்தது.
மாரிசெல், பாகற்காய் தின்பாயா?
முட்டையோடு வதக்கினால் உயிர் என்றாள்.
அப்படியானால் ஜூலையில் சாவி உன்னிடம்,
தினமும் செடிக்கு ஒரு வாளி ஊற்று.
ஆனால் தண்ணீரை
உன் வீட்டிலிருந்து கொண்டுவா.

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு
முழு டோனட்டே கொடுக்கலாம்.
டெனிஸ் செருமினார்.
ஐந்நூற்று எழுபத்தொன்று.