கட்டுப்பாட்டுக் கேள்வி

படுக்கையை உள்ளே தள்ளுவது என் வேலை.
பொய் அவருடையது.
அதைப் படம் பிடிப்பது வீட்ஸ்கெயின் ஆராய்ச்சி.

க்ரோனிங்கனில் மூன்றாவது நாளாக மழை.
சைக்கிளில் நனைந்து வந்திருந்தார் ஷூர்ட் டைக்ஸ்ட்ரா,
சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு ஆண்டு
லாரி லாரியாகக் கிழங்கு எடை போட்டவர்.
உலோகம் எதுவும் உண்டா என்றேன்.
சாவி, பெல்ட், மூக்குக்கண்ணாடி,
கடைசியாக மோதிரம்.
அது விரல் கணுவில் நின்றுகொண்டது.
சோப்பு கொண்டுவந்தேன்.

உறைக்குள் ஒரு சீட்டு: கிளாவர் ஐந்து.
அது தன்னிடம் இல்லவே இல்லையென்று சாதித்தால்
இருபது யூரோ கூடுதல்.
முழுப் பூசணிக்காயை மறைக்கச் சொல்லிவிட்டு
சோற்றையும் நாங்களே பரிமாறுகிறோம்.

இயந்திரம் தட்டத் தொடங்கியது,
பூட்டிய வீட்டுக்குள் யாரோ ஆணி அறைவதுபோல.
இடது பொத்தான் ஆம். வலது இல்லை.
உங்களிடம் ஆட்டின் ராணி இருக்கிறதா?
இல்லை.
கிளாவர் ஐந்து?
இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்.
இங்கே ஆறு நொடி.
ரத்தம் மெதுவாகத்தான் நடக்கும்.
சொல் கிளம்பிப் போன பிறகு
அது இருந்த இடத்துக்கு வந்து சேரும்,
தாமதமாக வந்த சாட்சி.
நெற்றிக்குப் பின்னால் ஒரு மங்கல் சிவப்பு.
வீட்ஸ்கெ குறித்துக்கொண்டாள்.

இடையிடையே சும்மா கேள்விகள்.
உண்மை எப்படி இருக்குமென்று
இயந்திரத்துக்கும் தெரிய வேண்டுமே.
இது க்ரோனிங்கனா? ஆம்.
அறுபது வயது தாண்டிவிட்டதா? ஆம்.
திருமணமானவரா?

பொத்தான் வரவில்லை.
இரண்டு நொடி. மூன்று.
பிறகு, ஆம்.

பிறகு அந்தச் சிவப்பு,
கிளாவர் ஐந்துக்கு வந்ததைவிட அகலமாக,
துணியில் ஒயின் பரவுவதுபோல, நிற்காமல்.
"இது அமைதியாக இருக்க வேண்டிய கேள்வி" என்றாள்.

நான் படிவத்தைப் புரட்டினேன்.
அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற கோட்டில்
ஹில்ட்யெ என்று எழுதி, அடித்து,
மேலே மகளின் பெயர், மகளின் எண்.
ஒரே பேனா. இன்று காலைத் தேதி.

ஆம் என்றது பொய்யா,
எனக்குத் தெரியவில்லை.
இல்லை என்று அழுத்தியிருந்தால்
படம் சும்மா இருந்திருக்குமா,
அதுவும்.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்:
"பிடித்துவிட்டீர்களா?"
சீட்டைத்தான் கேட்டார்.
ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது,
முப்பது பேரின் சராசரியில்தான் பொய் தெரியும்
என்றாள் வீட்ஸ்கெ.
"அப்படியானால் மற்ற இருபத்தொன்பது பேரிடமும்
நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்."
மோதிரம் ஏறும்போதும் அதே கணுவில் நின்றது.
அழுத்தித் தள்ளினார்.
சோப்பு வேண்டாம் என்றார்.

அவர் போன பிறகு அவள் பதிவேட்டில் எழுதினாள்:
தலை மூன்று மில்லிமீட்டர் அசைந்தது. நீக்கவும்.

தலை அசையவில்லை.
இருபுறமும் பஞ்சு வைத்து இறுக்கியவன் நான்.
அவள் எழுத்துக்குக் கீழே
என் கையெழுத்துக்கு ஒரு சின்னக் கட்டம்.
போட்டேன்.
பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்,
சும்மா,
ஆறு நொடி.