பதினான்கு பவுண்டு

ஹல் துறைமுகம். நங்கூர விடுதியின் மாடி.
பியர் வாடை போகாத மேசையில்
சாக்கு விரித்துப் பரப்பியிருந்தார்கள்:
முறுக்கிக்கொண்ட கொதிகலன் தகடு,
இடதுகால் செருப்பு ஒன்று,
வளைந்த வால்வுக் கம்பி,
கம்பியோடு கட்டியபடியே ஓர் எடைக்கல்.

பன்னிரண்டு பேர் நாங்கள், ஜூரி.
கயிறு திரிப்பவர், ரொட்டிக்கடைக்காரர்,
சவப்பெட்டித் தச்சர்கள் இருவர்
(வேலை குவிந்து கிடக்கிறதென்று அவசரப்பட்டார்கள்),
பாலாடைக்கட்டி விற்கும் நான்.

லீட்ஸிலிருந்து வந்த இயந்திரக்காரர்
விடுதிக்காரியின் தேநீர்க் கெண்டியைக் காட்டி விளக்கினார்:
ஆவி மிஞ்சினால் வால்வு தானே தூக்கிக்கொள்ளும்,
சீறும்.
சீறுகிற வரைக்கும் பயமில்லை.
"மூடிமேல் கல்லைத் தொங்கவிட்டால்?"
கெண்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ஓதம் வடிவதற்குள் கெய்ன்ஸ்பரோ சேர வேண்டும்.
எதிராளியின் படகு முன்னால் புகைந்துகொண்டிருந்தது.
கேப்டன் ஸ்டாதர் இன்னும் ஆறு பயணிகளுக்காக
கைமணியை ஆட்டியபடி நின்றார்.
சக்கரம் நின்றிருந்தது.
அடியில் நெருப்பு நிற்கவில்லை.

"சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை" என்றாள் கெசியா தர்க்கில்.
"உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
பார்த்தால் சன்னல் மடியில் கிடந்தது."
நெருப்புக்குக் கரி தள்ளிய அவள் கணவன் ஒபதியாவின் தொப்பியை
மாவுக்கிடங்குக் கூரையில் கண்டெடுத்தார்கள்.
தொப்பியை மட்டும்.

கல் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.
திருப்பினேன்.
அடியில் ஈயம் அடைத்த பள்ளம்,
விளிம்பில் நானே அரத்தால் இழுத்த இரண்டு கோடு.
மார்ச்சில் காணாமல் போன என் கடைக்கல்.
படகுக்குச் சரக்கு ஏற்றிய பெட்டியோடு போயிருக்கும்.
அன்றைக்கு அது தோன்றவில்லை.
கடைப்பையன் ஜேபஸைத்தான் தோன்றியது.
காதைப் பிடித்துத் தெருவில் விட்டேன்.

"யாருடைய கல், யாருக்காவது தெரியுமா?"
கரோனர் கேட்டார்.
அடுத்தவரிடம் கொடுத்தேன்.
"நல்ல கனம்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

கொன்ற பொருள் மன்னருக்குச் சொந்தம்.
அதன் விலையை ஜூரி சொல்ல வேண்டும். பழைய சட்டம்.
கொதிகலனுக்கு ஐம்பது பவுண்டு என்றார் கயிற்றுக்காரர்.
ஒரு ஷில்லிங் போதுமென்றார் முதலாளியின் வக்கீல்.
மெழுகுவர்த்தி பாதியாகும்வரை பேரம்.
ஐந்தில் முடிந்தது.

கல்லுக்கு விலை யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்: இரண்டு ஷில்லிங் மூன்று பென்ஸ்.
ஜேபஸின் கூலியில்
எப்போதோ பிடித்தாயிற்று.